மேற்கூரை: கேம்பர்

அக்டோபர் 24, செங்கல்பட்டு

மன்னிக்க வேண்டும் சார். வண்டியின் குறைகளை எழுதத்தான் இந்த நோட்டைக் கொடுத்தீர்கள். "எங்க ஆடுது, எங்க சத்தம் வருது, எங்க ஒழுகுது. மூணுதான் எழுதணும். கதையெல்லாம் வேண்டாம்" என்றீர்கள். எது குறை, எது கதை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் பார்ப்பதையெல்லாம் எழுதுகிறேன். வேண்டாததை விட்டுவிட்டுப் படியுங்கள்.

காலை 6.10க்குக் கரூரில் ஷெட்டை விட்டோம். செல்லமுத்து அண்ணன் ஓட்டுகிறார். அவர் மனைவி பாவாயி அக்கா எனக்குத் துணை. "கௌகாத்தி வரைக்கும் பொட்டப்புள்ள எப்படீங்க?" என்று அப்பா கேட்டதும் அக்காவையும் ஏறச் சொன்னது நீங்கள்தான். அதற்கு நன்றி சொல்ல அன்று வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் ஷெட்டில் பஸ்ஸுக்குத்தான் பாடி கட்டுவோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றியது இதுதான் முதல் தடவை. கௌகாத்தியில் ஓய்வு பெற்ற டாக்டர் பரூவா அம்மாதான் இதை வாங்கியவர், இதில் ஆற்றங்கரைகளில் தங்கிப் பறவை பார்க்கப்போகிறாராம்.

இந்தப் பயணம் எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்த்த அன்று கட்டிலின் மேல் சொட்டியது. பஸ் கூரை நடுவில் மேடாக இருக்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். அந்த மேட்டைத்தான் ஷெட்டில் கேம்பர் என்போம். இந்த வண்டியின் கூரையோ மொட்டை மாடி போலத் தட்டையாக இருந்தது. பதினான்கு பேர் முன்னால், கூரை போட்ட காளியண்ணன் மேஸ்திரியிடம் ஏன் என்று கேட்டீர்கள். "கார்டுல போட்ருந்ததத்தானுங்க செஞ்சேன்" என்றார். வண்டிக்கு என்னென்ன வேலை என்று எழுதியிருக்கும் ஜாப் கார்டை வாங்கி நீங்கள் உரக்கப் படித்தீர்கள்: "மேற்கூரை: கேம்பர்." ஓரங்களுக்கு சீலண்ட் பசை வைத்து அடைத்தபின், "வழியில ஒழுகலைன்னா திரும்ப வா. ஒழுகுச்சுன்னா வேற எடம் பாத்துக்கோ" என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். இருபத்தாறு வருடமாக அங்கே கூரை போட்டவர்.

ஆகவே இந்த நோட்டில் நான் எழுதுவதை வைத்துத்தான் அவர் வேலை. கவனமாகப் பார்க்க வேண்டும்.

சத்தம்: கரண்டி வைக்கும் இழுப்பறை. வேகத்தடையில் எல்லாக் கரண்டிகளும் ஒன்றாகக் கைதட்டுகின்றன. ஒழுகல் இல்லை. மழையும் இல்லை.

அக்டோபர் 25, ஓங்கோல்

தெலுங்கு எழுத்தெல்லாம் ஜாங்கிரி பிழிந்ததுபோல் இருக்கிறது. ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்த்து மதியத்துக்குள் ஐந்து எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆறாவது இன்னும் பிடிபடவில்லை.

வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஆட்கள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டுகிறார்கள். நெல்லூர் தாண்டி டீக்கடையில், யாரோ நடிகர் உள்ளே தூங்குவதாக ஒருவர் முடிவே செய்துவிட்டார். பாவாயி அக்கா தலைக்குக் குளித்து ஈரத்தலையில் துண்டோடு இறங்கினார். கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

"என்னைப் பாத்து எவளோ நடிகைங்கறானுக அம்மிணி" என்றார் அக்கா.

"பயந்து போயி நகந்தானுக" என்றார் அண்ணன்.

"உங்களுக்குப் பொறாம."

குளிர்சாதனப் பெட்டியின் கதவு தானாகத் திறக்கிறது. ரப்பர் பட்டையால் கட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 26, ஏலூர்

வங்கக்கடலில் புயல் உருவாகியிருக்கிறது. அது காக்கிநாடாவுக்கு வடக்கே கரையேறும் என்கிறார்கள். நாங்களும் வடக்கேதான் போகிறோம்.

விஜயவாடாவுக்கு முன்பே நல்ல மழை. நான் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மணி நேரம் ஒரு சொட்டும் இல்லை. மனம் துள்ளியது. சாப்பிட நிறுத்தினோம். நிறுத்திப் பதினோராவது நிமிடம் முதல் சொட்டு. பிறகு நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. வண்டி கிளம்பியதும் நின்றுவிட்டது.

ஓடும்போது ஒழுகாதது நின்றால் ஏன் ஒழுகுகிறது? பஸ் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. இது நிறுத்தித் தங்குவதற்காகவே கட்டியது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் போன் வந்தது.

"ஒழுகுதாம்மா?"

"ஒழுகுது சார். ஆனா..."

"அவ்வளவுதான் வேணும். பத்தாம் தேதி கோயமுத்தூர்ல இருந்து வேற மேஸ்திரி வர்றாரு. நீ பத்திரமா போய்ச் சேரு."

'ஆனா'வுக்குப் பின்னால் இருந்ததை இங்கே எழுதுகிறேன்: ஆனா, ஏன் என்று இன்னும் தெரியவில்லை சார்.

அக்டோபர் 27, துனி

காலையில் சொட்டு நீலம் வாங்கினேன். கூரையில் தேங்கும் தண்ணீரில் நீலத்தைக் கலந்துவிட்டால், எந்த வழியாக உள்ளே வருகிறதோ அங்கே நீலக்கோடு தெரியும் என்று தோன்றியது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. துணி துவைப்பதுபோல் கையைக் காட்டினேன். சோப்பு எடுத்து வைத்தார். தலையாட்டினேன். கஞ்சிப் பவுடர் வந்தது. பிறகு பிரஷ். பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், எனக்குக் காது சுட்டது. கடைசியில் அவருடைய வெள்ளை வேட்டியைக் காட்டி, வானத்தைக் காட்டினேன். வானம் அன்றைக்குக் கறுப்பாக இருந்தது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. "நீலிமந்து!" என்று கத்தினார். மந்து என்றால் மருந்தாம். துணிக்கு நீல மருந்து. நல்ல பெயர்.

கோதாவரிப் பாலத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஆற்றுக்கு அக்கரையே தெரியவில்லை.

"மாடு முட்டற மாதிரி முட்டுது. பேசாதீங்க ரெண்டு பேரும்" என்றார் அண்ணன்.

"நாங்க எங்கீங்க பேசுனோம்?"

"மூச்சு விடற சத்தமே பேசற மாதிரி கேக்குது."

பாலம் முடிந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இவ்வளவு வியர்வை வரும் உள்ளங்கையை நான் பார்த்ததில்லை.

துனிக்குப் பக்கத்தில் போலீஸார் எல்லா வண்டிகளையும் ஓரங்கட்டிவிட்டார்கள். ஓர் அரிசி ஆலையின் முற்றத்தில் இடம் கிடைத்தது. காவலாளி அப்பாராவ் திருப்பூரில் எட்டு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தவர். "வாங்க வாங்க, நம்மூரு நம்பர் பிளேட்டு" என்று கேட்டைத் திறந்தார்.

அக்டோபர் 28, அதே ஆலை

பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை புயல். ஆலையின் தகரம் ஒன்று பறந்துபோய்த் தென்னை மரத்தில் மடங்கி நின்றது. வண்டி ஸ்பிரிங்கில் தொட்டில்போல் ஆடியது. அக்கா மூன்று முறை உப்புமா கிளற ஆரம்பித்து மூன்று முறை அடுப்பை அணைத்தார்.

மூன்றரைக்குக் காற்று சட்டென்று நின்றது. மழை மட்டும் பெய்தது. ஏணியைப் பிடித்து மேலே ஏறினேன். கட்டிலுக்கு நேர் மேலே உள்ள கூரைச் சன்னலைச் சுற்றி இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. நீலத்தை ஊற்றினேன். குட்டிக் குளம் ஒன்று வானத்துக்குப் பதில் தானே நீலமானது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்போல.

"அம்மிணி, அங்கயே குடித்தனம் வெக்கப்போறயா?" என்று அக்கா கீழிருந்து கத்தினார்.

உள்ளே வந்து பார்த்தேன். காளியண்ணன் மேஸ்திரி போட்ட தகட்டு இணைப்புகள் ஏழு. ஏழிலும் நீலம் இல்லை. விரலால் தடவினேன், காய்ந்த எலும்பு போல இருந்தன. சன்னல் சட்டத்தின் போல்ட் ஓட்டை நான்கில் மட்டும் நீலம் இறங்கியிருந்தது. அந்தச் சட்டம் வாங்கிப் பொருத்தியது. வண்டி ஓடும்போது வழிந்துவிடும் தண்ணீரைத் தாங்கும். தேங்கி நிற்கும் தண்ணீரை எந்தச் சட்டமும் எத்தனை நேரம் தாங்கும்?

ஆக, கைவேலையில் குறை இல்லை. உருவத்தில்தான் குறை. இருபத்தாறு வருடமாகக் கூரைக்கு மேடு வைத்தவர் இதற்கு மட்டும் ஏன் வைக்கவில்லை? கார்டில் தெளிவாக இருக்கிறதே. முன்பு கார்டு இங்கிலீஷில் இருக்கும், ஷெட்டில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. ஜூன் மாதத்திலிருந்து தமிழில்தானே எழுதப்படுகிறது.

அக்டோபர் 29, துனியிலேயே

சாலையில் மரங்கள். நாளைக்குத்தான் விடுவார்களாம்.

காலையில் கதவைத் திறந்தால் வெளியே வரிசை. ஏழெட்டுப் பெண்கள், இடுப்பில் குழந்தைகள். ஒருவர் தன் ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினார், பிரஷர் பார்க்க. வெள்ளை வண்டி, உள்ளே கட்டில், குழாய். புயலுக்குப் பின் வந்த ஆஸ்பத்திரி வண்டி என்று நினைத்துவிட்டார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். பாவாயி அக்கா படியில் நின்று, "டாக்டரு வண்டி இல்லீங்க! இது கேம்பர்! கேம்பருங்க!" என்று கத்தினார்.

"கேம்பர்னா?" என்று அப்பாராவ் கேட்டார்.

"வண்டியோட பேருங்க. ஊடு மாதிரி. எங்க மொதலாளி அப்படித்தான் சொல்லுவாரு, கேம்பர் வண்டின்னு."

அப்பாராவ் அதைத் தெலுங்கில் சொல்ல, அவர்கள் கலைந்தார்கள். அக்கா இருவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். ஒரு குழந்தைக்கு உப்புமா.

அக்கா சொன்ன சொல்லை நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். கேம்பர். பிறகு கூரை மேட்டுக்கான சொல்லை அதன் கீழே எழுதிப் பார்த்தேன். கேம்பர்.

இங்கிலீஷில் இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்து வேறு, மேட்டுக்கு B, வண்டிக்கு P. தமிழில் வேறு இல்லை.

மற்ற குறைகள்: குளியலறைத் தாழ்ப்பாள் ஈரத்தில் இறுகுகிறது.

அக்டோபர் 30, ஸ்ரீகாகுளம்

எழுத ஒன்றும் இல்லை. மழை.

அக்டோபர் 31, குர்தா

ஒடிசாவில் டீயை மண்குவளையில் கொடுத்தார்கள். குடித்ததும் கீழே போட்டு உடைக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. பையில் வைத்திருக்கிறேன்.

மதியம் ஒரு லாரி நிறுத்தத்தில் மறுபடியும் பெருமழை. லாரிகளுக்கு மேல் தார்ப்பாய் முதுகெலும்பு வைத்ததுபோல நடுவில் எழும்பி இருந்தது. அதைப் பார்த்து அண்ணனிடம் கேட்டேன். இரண்டு மூங்கிலும் ஒரு பழைய தார்ப்பாயும் வாங்கி வந்தார். கூரையின் நடுவே நீளவாக்கில் மூங்கிலைக் கிடத்தி, அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்தி இழுத்துக் கட்டினோம்.

"இத்தன பெரிய எடத்து வண்டிய வெங்காய லாரியாக்கிப் போட்டயே அம்மிணி" என்றார் அண்ணன்.

ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்தில் கொட்டும் மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மேடு இருந்தால் போதும் என்று உறுதியாயிற்று.

அதன் பிறகு காளியண்ணன் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் ஐந்து வரி எழுதி வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

"யாரு, கார்டு எழுதற அம்மிணியா?"

"ஆமாங்க."

"மழ நெம்பவாமே? டிவியில பாத்தன். வண்டி தாங்குதா?"

"உங்க ஜாயிண்ட் ஒண்ணுகூட ஒழுகலீங்க."

"அது ஒழுகாது" என்றார்.

என் தாளில் இரண்டாவது வரி: 'கூரையை ஏன் தட்டையாகப் போட்டீர்கள்?' அதை அப்படியே படித்தேன்.

"நீதான கண்ணு எழுதியிருந்தே, கேம்பர் கூரைன்னு. செவுத்துல ஒட்டியிருந்த போட்டோவுல கேம்பர் வண்டி மொட்டையாத்தான நின்னுச்சு. வெளிநாட்டு வண்டி, அதுக்கு அப்படித்தான் போலன்னு போட்டன். மொதலாளி எதுக்குக் கத்துனாருன்னு இந்நேரம் வரைக்கும் எனக்கு வெளங்கல."

"எங்கிட்ட ஒருக்கா கேட்டிருக்கலாமுங்களே?"

"இங்கிலீசுல இருந்தா நாலு பேத்தக் கேப்பன். உன்ற எழுத்து முத்தாட்டம் இருந்துது. கேக்க என்ன இருக்குது?"

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வரிகளை நான் படிக்கவில்லை. "உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது தாளில் இல்லாத வரி.

நவம்பர் 1, கரக்பூர்

ஆம் சார். கார்டுகளைத் தமிழில் எழுதலாம் என்று ஜூனில் உங்களிடம் கேட்டது நான். அந்த வரியை எழுதியதும் நான். மேடு என்று எழுதியிருந்தால் போதும். ஷெட்டின் சொல்லைத் தெரிந்துகொண்டேன் என்று காட்ட ஆசைப்பட்டுக் கேம்பர் என்று எழுதினேன். சேர்ந்து மூன்றாவது வாரம். எங்கள் வீட்டில் என் எழுத்தைச் சரிபார்க்கக் கூடியவர் யாரும் இருந்ததில்லை. நான் எழுதினால் அதுதான் முடிவு. மனுவோ, ரேஷன் விண்ணப்பமோ, அக்கம்பக்கத்தாரும் என்னிடம்தான் வருவார்கள். எழுதியதை இன்னொருவர் எப்படிப் படிப்பார் என்று யோசிக்கும் பழக்கமே எனக்கு வரவில்லை.

காலையில் இதைப் பாவாயி அக்காவிடம் சொன்னேன். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மூணு நாளா."

"மூணு நாளும் எங்கூட உக்காந்து சோறு தின்னயே, பாவி."

"மெரட்டாத பாவாயி" என்றார் முன்னாலிருந்து அண்ணன். "மொதலாளிக்குப் போனப் போட்டுச் சொல்லீரு அம்மிணி. ஒரு நிமிசப் பேச்சு."

போட்டேன். இது உங்களுக்கும் நினைவிருக்கும்.

"சார், கேம்பர்ல ஒரு தப்பு நடந்திருக்கு."

"அதான் எனக்கே தெரியுமே. அதுக்குத்தானே ஆள மாத்தறேன்."

"அந்தக் கேம்பர் இல்ல சார். இந்தக் கேம்பர்."

"நம்ம அனுப்பினதே ஒரு கேம்பர்தானேம்மா?"

"அவரு கேம்பரக் கேம்பர்னு நெனச்சுட்டாரு சார்."

"காத்துல ஒண்ணுமே புரியல. எங்க இருக்கீங்க? வண்டிக்கு ஏதாவது ஆச்சா?"

"இல்லீங்க சார்."

"அப்பச் சரி. எழுதி அனுப்பு."

அண்ணன் சிரிப்பை அடக்க வண்டியை ஓரத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அக்கா அவர் முதுகில் அடித்தார், பிறகு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 3, சிலிகுரி

நேற்று முழுக்க ஓட்டம். கங்கையைத் தாண்டினோம். கோதாவரியைவிடப் பெரிதா என்று பார்க்க ஆசை, பனிமூட்டம் விடவில்லை. பாதி ஆறுதான் தெரிந்தது.

தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருந்தது. இழுத்துக் கட்டினேன். லாரிக்காரர் முடிச்சை அண்ணன் கற்றுக்கொடுத்திருக்கிறார், ஓர் இழுப்பில் அவிழும்.

"வேலைய விட்டு நிறுத்தீட்டா என்ன பண்ணுவே?" என்று அக்கா கேட்டார்.

"தெரியலீங்க்கா."

"அப்பன்கிட்ட என்ன சொல்லுவே?"

"அதுதான் தெரியலீங்க்கா."

என் தட்டில் இன்னொரு தோசை விழுந்தது.

நவம்பர் 4, கௌகாத்தி

மாலை நான்கு மணி. கிலோமீட்டர் 3,391. வண்டியை ஒப்படைத்துவிட்டோம். டாக்டர் பரூவா அம்மா தார்ப்பாயைப் பார்த்து இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். நான் கார்டின் கதையை என் இங்கிலீஷில் சொன்னேன். அந்த மொழியில் இரண்டு சொல்லும் வேறு என்பதால் அவருக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது. அவர் அந்நியர் என்பதாலோ என்னவோ, எனக்குப் பேச்சு தடுமாறவும் இல்லை. இங்கே மழை ஏப்ரலில்தான், அதற்குள் உங்கள் ஆள் வந்து கூரைக்கு மேடு வைத்துக் கொடுக்கட்டும் என்றார். எந்த ஆள் என்று கேட்டார். காளியண்ணன் மேஸ்திரியின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தது என் இரண்டாவது தவறு.

குறைப் பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பதினேழு. ஒழுகலுக்கு நேராகக் காரணம் என்ற இடத்தில், 'ஜாப் கார்டு, எழுதியவர் நித்யகலா' என்று போட்டிருக்கிறேன்.

இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இப்போதே உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். நாளை ரயில். எட்டாம் தேதி காலை ஷெட் திறக்கும்போது வந்துவிடுவேன். பத்தாம் தேதிக்கு வரவேண்டியவரை வர வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகு நீங்களே அதைச் செய்வீர்கள், நான் கேட்க வேண்டியதில்லை. என் வேலையைப் பற்றியும் நான் கேட்கவில்லை. அது உங்கள் முடிவு.

நான் கேட்பது வேறு. முதல் பக்கத்திலிருந்தே கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. நீங்கள் மேஸ்திரியை மட்டும் தனியே அறைக்குக் கூப்பிட்டு, நடந்தது நடந்துவிட்டது, வேலையைப் பார் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அவரைப் போகச் சொன்னது பதினான்கு பேர் முன்னால். அன்று நானும் கார்டு அடுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றேன்.

எட்டாம் தேதி காலை எல்லோரையும் ஷெட்டில் நிற்கச் சொல்லுங்கள். மேஸ்திரியையும் வரச் சொல்லுங்கள். அவர் முன்னால் நின்று நவம்பர் ஒன்றாம் தேதிப் பக்கத்தை நான் வாசிக்கிறேன். நடுவில் எனக்குக் குரல் நின்றுவிடும், அது நிச்சயம். அப்போது நோட்டை வாங்கி நீங்கள் வாசித்துவிடாதீர்கள் சார். யாரையும் கலைந்து போகவும் விடாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுங்கள். நானே வாசித்து முடிக்கிறேன்.